தாயின் பசி நாட்டின் பழி

பிள்ளையைப் பெற்றெடுக்கும் வேளையில் தாய் மாள்வதை விதியென்று கூறி அமைவது எளிது. ஆனால் அவ்விதி வறியவர் வீட்டு வாயிலையே நாடிச் செல்வதேன்? 2023ஆம் ஆண்டில் மட்டும் கருப்பத்தாலும் பேற்றாலும் உலகில் ஏறத்தாழ 260,000 பெண்கள் உயிர் நீத்தனர் என்பது உலக சுகாதார தாபனத்தின் மதிப்பீடு. அவர்களுள் நூற்றுக்கு 92 பேர் வறிய நாடுகளையும் வருமானங் குறைந்த நாடுகளையும் சேர்ந்தோர். மரணப் பத்திரத்தில் இரத்தப்பெருக்கு என்றும் வலிப்பு என்றும் எழுதப்படுகின்றது. பசி என்று எழுதுவார் எவருமிலர்.

இரும்புச்சத்துக் குறைந்து குருதிச்சோகையுற்ற தாய், நலமுள்ளவள் தாங்கக்கூடிய இரத்த இழப்பையும் தாங்கமாட்டாள். கல்சியம் குறைந்த உணவை உண்பவளை இரத்த அழுத்தமும் வலிப்பும் எளிதிற் பற்றுகின்றன. சிறுவயதிற் போதிய உணவின்றி வளர்ச்சி குன்றியவளுக்கு இடுப்பெலும்பு ஒடுங்கிப் பேறு தடைப்படுகின்றது.

இவ்வுண்மை புதியதன்று. 1928இல் பம்பாய்க்குச் சென்ற ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், துணியாலைத் தொழிலாளப் பெண்களைக் கருப்பகாலத்தில் வாட்டிய கொடிய சோகையை ஆராய்ந்தார். நோய்க்கிருமியைத் தேடியவர் கண்டது உணவுக்குறை. மலிவான மார்மைட் அச்சோகையைத் தீர்த்தது. அதிலிருந்த சத்தே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

இத்துறையில் இலங்கை பெருமைகொள்ள இடமுண்டு. 1930களின் நடுவில் 100,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2019இல் அத்தொகை 30 அளவிற்குக் குறைந்தது. இலவச மருத்துவமும் வீடுதேடி வரும் மருத்துவமாதரும் ஈட்டித் தந்த வெற்றி இது. ஆயினும் மாத்திரை கொடுக்கும் மருத்துவமாது அடுப்பில் உலையேற்ற முடியுமா? 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாடளாவ நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். நாட்டிற்கு அந்நியச் செலாவணி தேடித்தரும் மலையகத்தில், இச்சிறுமியரே நாளைய தாய்மார்!

கருப்பிணிகளுக்கென 1973இல் வந்த திரிபோஷாவின் கதையும் பாடமாகும். 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டுச் சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் திரிபோஷா உற்பத்தி தடுமாறியது. கமக்காரனுக்கு விழுந்த அடி கருப்பிணியின் கிண்ணத்திலும் விழுந்தது.

ஆதலின் அரசாங்கத்திடம் நாம் கேட்பவை இரண்டு. திரிபோஷாவுக்கான சோளத்தையும் சோயாவையும் நியாய விலைக்கு வாங்குவதாக விதைப்புக்கு முன்பே கமக்காரருக்கு உறுதியளிக்க வேண்டும். கிளினிக்குக்குச் செல்லும் நாளில் தோட்டத் தொழிலாளப் பெண் சம்பளம் இழக்கும் நிலை எங்கும் இருத்தலாகாது.

எமது மக்களுக்கும் ஒரு சொல். குரக்கன், பயறு, முருங்கையிலை, நெத்தலி ஆகியவை எமக்கு எட்டாப் பொருள்களல்ல. இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் பயன் குன்றுமென்பதை வைத்தியரும் ஆசிரியரும் ஊர்தோறும் எடுத்துரைக்கட்டும். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே பெண்ணுக்கு அழகென்னும் வழக்கத்தை இன்றே ஒழிப்போம். உரிமை கேட்கும் இனம், தன்னைச் சுமக்கும் தாய்க்கு முதற்பங்கு சோறிடக் கடமைப்பட்டது.