சின்னம்மாவின் தீவு

தமிழில் பயணக் கட்டுரைக்குப் பஞ்சமில்லை. 'உலகம் சுற்றும் தமிழன்' என்றே பெயர்பெற்ற ஏ. கே. செட்டியார், ஜப்பானைப் பற்றி 'உதய சூரியன்' எழுதிய தி. ஜானகிராமன், ஆனந்த விகடனில் 'இதயம் பேசுகிறது' எழுதிய மணியன் என்று நமக்கு நீண்டதொரு வரிசை உண்டு. இன்று மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பெட்டி கட்டுவோரில் பலர் விடுதிக்குப் போவதில்லை. அண்ணன் வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போகிறார்கள். ஆனால் திரும்பி வந்து எழுதும்போது அந்த உறவினர் எங்கே இருக்கிறார்? முதல் பத்தியில் விமான நிலையத்துக்குக் காரோடு வருகிறார். கடைசிப் பத்தியில் நன்றி பெற்றுக்கொள்கிறார். இடைப்பட்ட பக்கங்கள் எல்லாம் கோபுரங்களுக்கும் அருவிகளுக்கும்தான். இது ஒரு குறை என்பது எங்கள் கட்சி. அக்காவும் தம்பியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதும் இக்கட்டுரை, முதலில் எங்கள் மேலேயே சாட்டும் குற்றம்.

அப்பா மயிலாப்பூர்க்காரர், அம்மா யாழ்ப்பாணத்துப் பெண். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அம்மம்மாவும் அம்மாவின் தங்கையும் மந்தைவெளியில் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார்கள். 1987இல் சின்னம்மா மணமாகி இத்தாலி போனார். ரோம் இல்லை, மிலான் இல்லை. மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவான சிசிலி, அதன் தலைநகர் பலெர்மோ. எண்பதுகளிலிருந்தே ஈழத்தமிழர் அங்கே குடியேறத் தொடங்கியிருந்தனர். 1990இல் வந்த மார்த்தெல்லி சட்டம், முந்தைய ஆண்டின் இறுதிக்குள் நாட்டுக்குள் வந்துவிட்ட அயல்நாட்டாருக்குத் தாள்களைச் சரிசெய்துகொள்ள வழி திறந்தது. சின்னம்மாவின் குடும்பம் காலூன்றியது அதன் பிறகுதான்.

என்ன வேலை என்று நாங்கள் கேட்டதில்லை. 'கம்பனி' என்று ஒருமுறை கடிதத்தில் இருந்தது, அதோடு விட்டுவிட்டோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் வருவார். பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டும் நகையும் வாங்குவார். எங்களுக்கு வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் வரும். அவருடைய வாழ்வை நாங்கள் அளந்தது பெட்டியின் கிலோ கணக்கில்தான்.

2023 செப்டம்பரில் முதன்முறையாக நாங்கள் போனோம். விசாவுக்கு அழைப்புக் கடிதம், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, 180 நாள்களில் 90 நாளுக்கு மேல் தங்கமாட்டோம் என்னும் நிபந்தனை எல்லாம் கடந்துதான். பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றும் கையில் இருந்தது. நார்மன் அரசனின் அரண்மனைக் கோயிலில் கிரேக்கப் பாணி மொசைக்குக்கு மேல் அரபுக் கைவண்ணத்தில் மரக்கூரை நிற்கிறது. அதே அரசன் இரண்டாம் ரோஜரின் ஆதரவில் 1154இல் அல் இத்ரீசி முடித்த உலகப் புவியியல் நூலில் சரந்தீப், அதாவது இலங்கை, இடம்பெற்றிருக்கிறது. எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சின்னம்மாவின் பிறந்த தீவைப் புகுந்த தீவு அறிந்திருந்தது என்று நாங்கள் வியந்தோம். சின்னம்மாவோ, "அப்பிடியே? நல்லது. வெய்யில் ஏற முதல் வீட்டை போவம்" என்றார்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்பியபோது, நாங்களும் வருகிறோம் என்றோம். சித்தப்பா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சின்னம்மா சிறிது யோசித்து, "சரி, வாங்கோ" என்றார். பழைய நகரத்தில் நான்காம் மாடி. தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு சிஞ்ஞோரா. சின்னம்மா அவரை எழுப்பி, உடல் துடைத்து, தலை வாரி, உணவூட்டினார். கிழவி எங்களைக் காட்டி ஏதோ கேட்க, சின்னம்மா சொன்ன பதிலில் எங்களுக்கு விளங்கிய சொல் ஒன்றுதான்: ஃபமீலியா. பலெர்மோத் தமிழரில் பலருக்கும் வாழ்வு தருவது இத்தகைய வீட்டு வேலையே என்பதைப் படித்திருந்தோம். ஆனால் படித்தது வேறு. அந்த அறையில் சுவரோடு ஒதுங்கி நின்றது வேறு.

செப்டம்பர் 4 சாந்தா ரொசாலியாவின் திருநாள். 1624இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் தாக்கியபோது, ஊருக்கு வெளியே பெல்லெக்ரினோ மலைக் குகையில் இத்துறவியின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன என்பதும், அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்த பின் நோய் தணிந்தது என்பதும் அவ்வூரின் நம்பிக்கை. பெல்லெக்ரினோ என்ற சொல்லுக்கே யாத்திரிகன் என்றுதான் பொருள். சுமார் 600 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் கிறித்தவத் தமிழரும் சைவத் தமிழரும் சேர்ந்தே ஏறுகிறார்கள். குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரத் தாரைகள் ஏந்திச் செல்கின்றன, அது தீர்த்தம். நெற்றியில் திருநீறோடு சின்னம்மா மெழுகுவத்தி ஏற்றினார். எங்களுக்குப் பெசன்ட் நகர் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கபாலீசுவரர் கோயிலுக்குப் போன அம்மம்மா, ஆகஸ்ட் கடைசியில் கொடியேறியதும் வேளாங்கண்ணி மாதாவையும் ஒருநாள் பார்த்துவிட்டு வருவார். மகள் தாயின் வழக்கத்தை வேறொரு கடற்கரைக்குக் கொண்டுபோயிருக்கிறாள், அவ்வளவுதான்.

இறங்கும் வழியில்தான் அம்மம்மாவைப் பற்றிய பேச்சு வந்தது. 1998இல் அவர் மந்தைவெளியில் படுத்த படுக்கையாகி ஏழு மாதம் கிடந்து இறந்தார். சின்னம்மா வரவில்லை. சடங்குக்கும் வரவில்லை. பணம் மட்டும் மாதந்தோறும் வந்தது. அதை எங்கள் வீட்டில் யாரும் மன்னிக்கவில்லை என்பதை மறைப்பானேன்? அந்த ஏழு மாதமும் அவர் பொறுப்பில் வேறொரு சிஞ்ஞோரா இதேபோல் கிடந்தார் என்பதும், மாற்றுக்கு ஆளில்லை, விட்டு வந்தால் வேலையும் இல்லை என்பதும் இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்த மலைப்பாதையில்தான் எங்களுக்குத் தெரிந்தன.

"நான் அம்மாவைப் பார்க்கேல்லை, சிஞ்ஞோராவைப் பார்த்தனான். அங்கை அம்மாவை ஆரோ ஒரு பிள்ளை பார்த்தவ. அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா, என்ன?" என்றார் சின்னம்மா.

எங்களிடம் பதில் இல்லை.

உறவினர் தாமே மூடி வைத்திருப்பதைக் கிளறுவது பண்பா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 'கம்பனி' என்ற சொல்லுக்குப் பின்னால் சின்னம்மா ஒளிந்துகொண்டது உண்மை. ஆனால் அவரை அங்கே ஒளியவைத்தது யார்? வீட்டு வேலை என்றால் முகம் சுளிக்கும் நாங்கள்தானே? இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கோ, பேரை மட்டும் போடாதேயுங்கோ" என்றார். பேரைப் போட்டுக்கொள்ள முடியாத நிலையில் அவரை இன்னும் வைத்திருப்பதும் நம் சமூகம்தான்.

ஆகவே, அயல்நாட்டு உறவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. மாளிகைகளையும் பாருங்கள், தவறில்லை. ஆனால் ஒருநாள் விடியலில் எழுந்து, உங்கள் மனிதர் எந்தப் பேருந்தில் ஏறி எந்தக் கதவைத் தட்டுகிறார் என்று கூடப் போய்ப் பாருங்கள். அதை அவர் இசைவோடு எழுதுங்கள். புலம்பெயர்ந்தோரே தம் உழைப்பைக் கதைகளில் எழுதியிருக்கிறார்கள்; விருந்தாளியாகப் போன நாம்தான் எழுதவில்லை.

கடைசியாக ஒன்று. அம்மம்மாவை ஏழு மாதம் பார்த்துக்கொண்ட பெண் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தவர். கிராமத்தின் பெயர் எங்கள் இருவருக்கும் நினைவில்லை. அம்மாவிடம் கேட்டோம்; அவருக்கும் நினைவில்லை. சம்பளம் எழுதிய பழைய நோட்டு பரணில் இருக்கக்கூடும் என்கிறார். தேடிக்கொண்டிருக்கிறோம். பலெர்மோ வரை போய் வந்த நாங்கள், திண்டிவனம் வரை இன்னும் போகவில்லை.