முதலில் நம்பிக்கை, பின்னர் யந்திரம்

நமது கால்நடை அபிவிருத்தி அறிக்கைகளைப் புரட்டினால், கருவூட்டப்பெற்ற பசுக்கள் இத்தனை, தடுப்பூசி இடப்பெற்ற எருமைகள் இத்தனை, விநியோகித்த தீவன விதை இத்தனை என்னும் கணக்குகளே முன்னிற்கின்றன. அவை வேண்டிய கணக்குகளே. ஆயினும், தன் குடும்பத்தின் ஜீவாதாரமான எருமையைக் கிராமத்தான் ஒருவன் பிறர் கையில் நம்பி ஒப்படைக்கும் நிலை எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இருப்பதில்லை. இக்குறையை உணர்த்தத் திரிபுவன்தாஸ் கிஷிபாய் படேலின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த பாடம் இல்லை என்பது எமது கருத்து.

அவர் 1903-ஆம் ஆண்டில் குஜராத்தின் கேடா ஜில்லாவிலுள்ள ஆனந்தில் பிறந்தவர். கால்நடை மருத்துவமோ பால்பண்ணைப் பொறியியலோ கற்றவரல்லர். காந்தியடிகள் நிறுவிய குஜராத் வித்யாபீடத்தில் பயின்று, சுதந்திரப் போராட்டத்தில் பன்முறை சிறை சென்றவர்.

1945-ல் பம்பாய் அரசாங்கம் நகர மக்களுக்குப் பால் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. ஆனந்திலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் பால் பயணம் செய்தது; இலாபமோ இடைநின்ற ஒப்பந்தக்காரர்களுடனும் தரகர்களுடனும் நின்றுவிட்டது. கறந்தவன் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. குறை கூறச் சென்ற விவசாயிகளிடம், சொந்தக் கூட்டுறவு அமைப்பதே வழி என்றார் சர்தார் வல்லபாய் படேல். 1946 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் சமர்க்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. பதினைந்து நாட்கள் பால் தர மறுத்து விவசாயிகள் உறுதியாக நின்றனர், அரசாங்கம் இணங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் தேதி ஜில்லாப் பால் உற்பத்தியாளர் யூனியன் பதிவாயிற்று. அதன் தலைமைப் பொறுப்பு திரிபுவன்தாஸிடம் வந்தது.

மறியல் பதினைந்து நாட்களில் முடிந்துவிட்டது. சங்கம் அமைப்பதற்கோ ஆண்டுகள் பல தேவைப்பட்டன. கிராமம் கிராமமாகச் சென்று, சந்தேகம் கொண்டவர்களோடு அமர்ந்து பேசி, ஒவ்வொரு சங்கமாக அவர் நிறுவினார். 1948-ல் யூனியன் பால் அனுப்பத் தொடங்கியபோது இருந்தவை இரண்டே சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறக்குறைய 250 லிட்டர்.

அச்சங்கங்களில் நடந்ததை நுணுகி நோக்குவோம். பாலை அளவுக்கு மட்டும் விலை கொடுத்து வாங்கினால், தண்ணீர் கலப்பவனே இலாபம் அடைவான். எனவே கொழுப்புச் சத்தைச் சோதித்து விலை தரும் முறை ஏற்பட்டது. சிறு கண்ணாடிக் குழாயில் பாலுடன் கந்தக அமிலத்தையும் சிறிது அமைல் ஆல்கஹாலையும் சேர்த்துச் சுழற்றினால், புரதம் கரைந்து, கொழுப்பு தனியே பிரிந்து குழாயின் கழுத்தில் நிற்கும். அதன் அளவைக் கண்ணாலேயே படிக்கலாம். காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் பணம் கைக்கு வந்தது. சாதி வேற்றுமை பாராமல் யாவரும் ஒரே வரிசையில் நின்று பால் ஊற்றினர். சோதனைக் குழாயும் உடனடிப் பணமும் ஊட்டிய நம்பிக்கையை ஆயிரம் துண்டுப் பிரசுரங்களாலும் ஊட்ட இயலாது.

ஆனந்தின் வெற்றி பொறியியலின் வெற்றியே என்பார் உளர். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற வர்கீஸ் குரியனின் நிர்வாகத் திறமையும், எருமைப் பாலைத் தூளாக்க முடியாது என்ற மேல்நாட்டார் கருத்தைப் பொய்ப்பித்த எச். எம். தலாயாவின் அறிவும் போற்றுதற்குரியவை. ஆனால் 1949-ல் அரசாங்க ஊழியராக ஆனந்துக்கு வந்து, விரைவில் வெளியேற விரும்பிய குரியனைத் தங்கவைத்தவர் திரிபுவன்தாஸ் அன்றோ? நிபுணருக்குத் தொழில்துறைச் சுதந்திரம் அளித்து, உறுப்பினரை அரவணைக்கும் பொறுப்பைத் தாம் ஏற்றார். 1955-ல் நேரு திறந்துவைத்த தொழிற்சாலைக்கு நாள்தோறும் பால் வந்து சேர்ந்தது இந்த நம்பிக்கையினாலேயே.

மருத்துவ உதவியும் செயற்கை முறைக் கருவூட்டலும் கலப்புத் தீவனமும் இவ்வழியே கிராமங்களுக்குள் நுழைந்தன. 1964-ல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி அஜர்புரா கிராமத்தில் ஓரிரவு தங்கி இவற்றை நேரில் கண்டார். மறு ஆண்டு தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. அதற்கு முன்னரே, 1963-ல், திரிபுவன்தாஸ் குரியனோடும் தாரா குரோடியோடும் மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தாமாகவே பதவி விலகினார். உறுப்பினர்கள் ஆளுக்கொரு ரூபாய் சேர்த்துப் பணமுடிப்பு அளித்தனர். அதைக் கிராமத் தாய்மார்கள், குழந்தைகளின் ஆரோக்கியத்துக்கான அறநிலையமாக மாற்றினார். 1994-ல் அவர் மறைந்தார்.

இவ்வாழ்க்கையிலிருந்து களப்பணியாளர்களுக்கு யாம் கூற விரும்புவன இரண்டு. முதலாவது, சோதனையைப் பால் ஊற்றுபவர் கண்முன் நடத்துங்கள். பணம் தாமதமாகும் சங்கத்தில் புதிய சினை ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் தாமதத்தைப் போக்க முயலுங்கள். இரண்டாவது, அத்தலைமுறை முழுவதும் தீர்க்காது விட்ட குறையொன்றை நாம் தீர்க்க வேண்டும். மாட்டுக்குத் தீவனம் இட்டு, சாணம் அள்ளி, பால் கறப்பவர் பெரும்பாலும் பெண்களே. உறுப்பினர் பதிவேட்டில் இருப்பதோ பல இடங்களில் ஆண்களின் பெயர். மாடு பருவத்துக்கு வந்ததை முதலில் அறிபவள் அவளே. அவளை விலக்கிவிட்டுக் கருவூட்டலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொழுப்புச் சோதனையை வகுப்பில் பாடமாக நடத்துங்கள். அமிலத்தைக் கையாளுவதை மட்டும் நீங்களே செய்யுங்கள். அக்குழாயில் ரசாயனத்தோடு நேர்மையும் அளக்கப்படுகிறது என்பதை மாணவர்கள் அறியட்டும்.

2025-ல் ஆனந்தில் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் ஒன்று திரிபுவன்தாஸின் பெயரால் தோன்றியுள்ளது, பொருத்தமான மரியாதையே. எனினும் நம்மில் ஒருவர் நாளைக் காலை ஏதேனும் ஒரு கிராமத்துப் பால் சங்க வாயிலில் நின்று, கடைசியாகப் பால் ஊற்றும் ஏழைக்கும் அளவு சரியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பாராயின், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.