ஒற்றைச் செருப்புக் கதை

ஜப்பானில் ஒரு செருப்புத் தொழிற்சாலை. தொழிலாளர்களுக்கு நிர்வாகத்தின் மேல் கோபம். ஆனால் ஸ்டிரைக் செய்யவில்லை. இடதுகால் செருப்பை மட்டும் செய்து குவித்தார்களாம். கோரிக்கை நிறைவேறியதும் வலதுகால் செருப்புகளையும் செய்து முடித்து, ஒரு ஜோடிகூட நஷ்டமில்லாமல் கணக்கை நேர்செய்தார்களாம். தமிழ்நாட்டில் இந்தக் கதையைக் கேட்காமல் கல்லூரியைத் தாண்டியவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். எந்தத் தொழிற்சாலை, எந்த ஊர், எந்த வருஷம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. மேடையில் கைதட்டல் வாங்கும் கதைக்கு விலாசம் எதற்கு?

இந்தக் கதைக்கு ஒரு அண்ணன் உண்டு. மேலாண்மை வகுப்பில், கைசன் பயிற்சியில், தன்னம்பிக்கைப் புத்தகத்தில் வருவான். அமெரிக்கக் கார் தொழிலாளி சோம்பேறி, யூனியன் கொழுப்பு, குடித்துவிட்டு வேலைக்கு வருவான். ஜப்பானியத் தொழிலாளி ஒழுக்கசீலன், கம்பெனியைக் கோயிலாக நினைப்பவன். அதனால்தான் டொயோட்டா ஜெயித்தது, டெட்ராய்ட் தோற்றது. கதை முடிந்தது, நீங்களும் உழையுங்கள், ஓவர்டைம் கேட்காதீர்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அமெரிக்கச் சாலைகளில் ஜப்பானியக் கார்களின் எழுபது வருடக் கதையில் இந்த நீதிக்கு இடமே இல்லை என்பது என் கட்சி. அங்கே நடந்தது சட்டம், வரி, எண்ணெய், தொழிற்சங்கம், இன்ஜின் சம்பந்தப்பட்ட விஷயம். குணத்துக்கும் ரத்தத்துக்கும் அதில் வேலை கிடையாது.

ஜப்பானிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1950இல் டொயோட்டா திவாலாகும் நிலையில் இருந்தது. ஆட்குறைப்பு அறிவித்ததும் தொழிலாளர்கள் இரண்டு மாதம் போராடினார்கள். செருப்பு எதுவும் செய்யவில்லை, நிஜமான ஸ்டிரைக். நிறுவனர் கீச்சிரோ டொயோடா பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஜூன் மாதம் கொரியப் போர் வெடித்தது. அமெரிக்க ராணுவம் டொயோட்டாவிடம் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது, கம்பெனி மூச்சுவிட்டது. 1953இல் நிஸ்ஸானில் மாதக்கணக்கில் நீண்ட போராட்டம். அங்கே இருந்த சங்கத்தை உடைத்து, நிர்வாகத்துக்கு இணக்கமான இரண்டாவது சங்கம் ஒன்று எழுந்தது. நாம் கும்பிடும் அந்த ‘ஜப்பானிய ஒத்துழைப்பு’ பிறந்த இடம் இதுதான். ஜென் மடாலயத்திலிருந்து வரவில்லை.

அமெரிக்காவில் முதல் அடியும் அப்படியொன்றும் கம்பீரமானது அல்ல. டொயோட்டா 1957இல் அங்கே கடை திறந்தது. 1958இல் விற்ற டொயோபெட் கிரவுன் கார்கள் 287. அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் திணறியது. கொஞ்ச காலத்தில் விற்பனையை நிறுத்திக்கொண்டு, பாடம் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒழுக்கம் அப்போதும் இருந்ததே, அது ஏன் விற்கவில்லை?

பொறியாளர்களுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புகையை இவ்வளவு குறைப்பது நடக்காத காரியம் என்று டெட்ராய்டின் பெரிய கம்பெனிகள் கால அவகாசம் கேட்டன. ஹோண்டா தன் சிவிசிசி இன்ஜினை வைத்து, வினையூக்கி மாற்றி இல்லாமலேயே அந்த அளவை எட்டிக் காட்டியது. சின்ன இன்ஜினில்தானே முடியும் என்று முணுமுணுப்பு எழுந்ததும், ஒரு செவ்ரோலெட் இம்பாலாவை வாங்கி, அதன் வி8 இன்ஜினிலேயே தங்கள் தொழில்நுட்பத்தைப் பொருத்திச் சோதனைக்கு அனுப்பினார்கள். தேறியது. இந்த ஒரு காரியத்துக்காகவே சோய்சிரோ ஹோண்டாவுக்குச் சிலை வைக்கலாம். ஆனால் கவனியுங்கள், இங்கே தோற்றது யார்? அசெம்பிளி லைனில் போல்ட் முடுக்கியவனா? அவனிடம் யாரும் இன்ஜின் டிசைன் கேட்கவில்லை. தோற்றவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். பெரிய காரில் பெரிய லாபம், சின்னக் காரில் சின்ன லாபம் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு, 1973 எண்ணெய் நெருக்கடி வந்து போன பிறகும் அரைகுறையாகவே விழித்தவர்கள். 1979இல் இரண்டாவது நெருக்கடி வந்தபோது கிரைஸ்லர் அரசாங்கத்தின் வாசலில் நின்றது. 150 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது.

அடுத்து நடந்ததைத்தான் தன்னம்பிக்கை வகுப்பில் சொல்லவே மாட்டார்கள். 1981இல் ரீகன் அரசின் நெருக்குதலில் ஜப்பான் ‘தன்னார்வமாக’ ஏற்றுமதியைக் குறைத்துக்கொண்டது. வருடத்துக்கு 16.8 லட்சம் கார்கள், அதற்கு மேல் கிடையாது. சுதந்திரச் சந்தையின் பூசாரி ஆட்சியில்தான் இது நடந்தது. விளைவு? எண்ணிக்கைக்குப் பூட்டுப் போட்டால் வியாபாரி என்ன செய்வான்? ஒவ்வொன்றிலும் அதிக லாபம் வைப்பான். ஜப்பானியக் கார்கள் விலை ஏறின, வசதிகள் ஏறின. மலிவு வண்டி விற்றவர்கள் சொகுசுப் பக்கம் நகர்ந்தார்கள். 1986இல் அக்யூரா, 1989இல் லெக்ஸஸ், இன்ஃபினிட்டி. டெட்ராய்டைக் காப்பாற்றப் போட்ட வேலி, டெட்ராய்டின் கொழுத்த நிலத்துக்கே வழிகாட்டியது. சரி, வேலிக்குள் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1982இல் தொழிலாளர்கள் சம்பளச் சலுகைகளை விட்டுக்கொடுத்திருந்தார்கள். 1983இல் லாபம் திரும்பியதும் ஜிஎம், ஃபோர்டு மேலதிகாரிகளுக்குப் பெரும் போனஸ் போனது. சோம்பேறி யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

தொழிற்சங்கத்தையும் நான் வெள்ளையடிக்கப் போவதில்லை. யூஏடபிள்யூ அலுவலகக் கார் நிறுத்தங்களில் வெளிநாட்டுக் கார்களுக்கு இடமில்லை என்று பலகை வைத்தார்கள். ஜப்பானியக் காரைச் சம்மட்டியால் நொறுக்குவது அந்த நாட்களின் பொதுக் கேளிக்கை. கோபம் மேலே போக வழியில்லாதபோது பக்கவாட்டில் பாயும். 1982 ஜூனில் டெட்ராய்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞனை பேஸ்பால் மட்டையால் அடித்தே கொன்றார்கள். சில நாட்களில் அவனுக்குக் கல்யாணம். அடித்தவர்களில் ஒருவர் கிரைஸ்லர் மேற்பார்வையாளர், இன்னொருவர் கார் ஆலையில் வேலையிழந்தவர். உங்களால்தான் எங்களுக்கு வேலை போச்சு என்ற பொருளில் வசை விழுந்ததாகச் சாட்சி சொன்னது. சின் ஜப்பானியன்கூட இல்லை, சீன அமெரிக்கன். மாநில நீதிமன்றத் தண்டனை மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 3,000 டாலர் அபராதம். சிறை இல்லை. பிற்பாடு கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த வழக்கும் கடைசியில் விடுதலையில் முடிந்தது.

ஒரு தேசத்தின் ‘குணம்’ இன்னொரு தேசத்தின் ‘குணத்தை’ வென்றது என்று சொல்லும்போது நாம் இந்த மட்டைக்கும் கைப்பிடி செய்து கொடுக்கிறோம். அந்த நீதிக்கதை ஜப்பானைப் புகழ்கிறதா இகழ்கிறதா என்பது முக்கியமில்லை. ஆட்களைக் கம்பெனிக்குப் பதிலாகத் தோலைப் பார்த்துக் கணக்கெடுக்கப் பழக்குகிறது, அதுதான் விஷயம்.

சரி, அமெரிக்கத் தொழிலாளி நிஜமாகவே மோசமா? இதற்குப் பரிசோதனையே நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜிஎம்முக்கு ஒரு ஆலை. குடி, திடீர் ஸ்டிரைக், ஆட்கள் வேலைக்கு வராமை என எல்லாக் கெட்ட பெயரும் அதற்கு உண்டு. 1982இல் மூடினார்கள். பிறகு டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தில் நம்மி என்ற ஆலையைத் தொடங்கின. 1984 கடைசியில் கார்கள் வெளிவந்தன. வேலைக்கு எடுத்தது யாரை? பெரும்பாலும் அதே பழைய ஆட்களை. சங்கமும் அதே யூஏடபிள்யூ. சிலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். தப்பு தெரிந்தால் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தும் உரிமை சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்தது. பழைய ஜிஎம் ஆலையில் லைனை நிறுத்துவது பெருங்குற்றம், குறையோடு கார் போனாலும் போகட்டும் என்பதுதான் சட்டம். கொஞ்ச நாளில் ஃப்ரீமான்ட் கார்களின் தரம் ஜப்பானிய ஆலைக்குக் கிட்டத்தட்ட நிகராக வந்தது. அதே கைகள். மாறியது அந்தக் கைகளை நம்பிய விதம்.

இதில் ஒரு வேடிக்கை. நம்மியில் ஒரே லைனில் டொயோட்டா கொரோலாவும், அதன் இரட்டைப் பிறவியான ஜியோ ப்ரிஸமும் வந்தன. ப்ரிஸம் ஜிஎம் கடையில் விற்றது. விற்பனையிலும் செகண்ட்ஹேண்ட் விலையிலும் கொரோலாதான் முன்னே. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், இனிஷியலைப் பார்த்து மரியாதை. நாம் ‘ஜப்பான் தரம்’ என்று வியப்பதில் ஒரு பங்கு பெயர்ப்பலகை மட்டுமே.

நம்மி கொடுத்த பாடத்தை டொயோட்டா எப்படி எடுத்துக்கொண்டது என்பதில்தான் என் கோபம். சங்கத்தோடு சேர்ந்தே தரமான கார் செய்யலாம் என்று அதன் கண்முன்னே நிரூபணமானது. ஆனால் 1988இல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் சொந்த ஆலை திறந்தபோது சங்கத்தை அண்டவிடவில்லை. ஹோண்டா 1982இல் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டு செய்யத் தொடங்கியிருந்தது, நிஸ்ஸான் 1983இல் டென்னசியின் ஸ்மைர்னாவில். எல்லாம் டெட்ராய்டுக்கு வெளியே, சோளக்காட்டு ஊர்களில். ஸ்மைர்னாவில் 1989இலும் 2001இலும் சங்கத்துக்கு வாக்கெடுப்பு நடந்து தோற்றது. 2017இல் மிசிசிப்பியின் கேன்டன் ஆலையிலும் தோற்றது. அங்கே தொழிலாளர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஜப்பானில் நிஸ்ஸானுக்குச் சங்கம் உண்டு. மிசிசிப்பியில்தான் ஆகாது. ‘கலாச்சாரம்’ என்பார்களே, அது கப்பலில் ஏறும்போது இந்தச் சரக்கை மட்டும் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறது.

2009 திவாலில் ஜிஎம் விலகியதும் நம்மியை டொயோட்டா தனியாக நடத்த விரும்பவில்லை. 2010 ஏப்ரலில் கதவு மூடியது. டொயோட்டாவின் கார் அமெரிக்காவில் சங்கத் தொழிலாளர் கையால் உருவான ஒரே அசெம்பிளி ஆலை அது. இன்று அதே இடத்தில் டெஸ்லா இருக்கிறது. அங்கும் சங்கம் கிடையாது.

ஒழுக்க பிம்பம் என்ன ஆனது? காரின் வேகம் தானாகக் கூடும் புகார்களில் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014இல் டொயோட்டா 120 கோடி டாலர் கட்டியது. டகாட்டாவின் காற்றுப்பைகள் வெடித்து உலோகச் சில்லுகள் பாய்ந்து மனிதர்கள் செத்தார்கள். சோதனை விவரங்களை மறைத்ததை அந்த நிறுவனம் 2017இல் ஒப்புக்கொண்டு, அதே வருஷம் திவாலானது. அமெரிக்காவின் மிகப்பெரிய வாகனத் திரும்பப்பெறல் அதுதான். ஜப்பானியர் ‘கெட்டுப்போய்விட்டார்கள்’ என்று நான் சொல்லவில்லை. அது அதே முட்டாள்தனத்தின் மறுபக்கம். கம்பெனிகள் கம்பெனிகளாக நடந்துகொண்டன, அவ்வளவுதான்.

எல்லா ஜப்பானியக் கம்பெனிக்கும் ஒரே விதியும் இல்லை. டாய்ஹாட்சு, இசுசு, சுசுகி மூன்றும் அமெரிக்கக் கார் சந்தையை விட்டே போய்விட்டன. நம்மூரில் சுசுகியின் இடத்தை நினைத்துப் பாருங்கள், அதே கம்பெனி 2012இல் அங்கே கடையைச் சாத்தியது. ஹைப்ரிடில் கால் ஊன்றிய டொயோட்டா, 2021இல் அமெரிக்க விற்பனையில் ஜிஎம்மைத் தாண்டியது. 1931க்குப் பிறகு ஜிஎம் முதலிடத்தை இழந்த முதல் வருடம். ஆனால் நிஸ்ஸான் தள்ளுபடி கொடுத்துக் கொடுத்தே பெயரைக் கெடுத்துக்கொண்டது. 2025 மேயில் மொத்தம் 20,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. இம்பாலா இன்ஜினில் டெட்ராய்டுக்குப் பாடம் எடுத்த ஹோண்டா, அமெரிக்காவில் விற்ற தன் மின்சார எஸ்யூவி ப்ரோலாக்கை ஜிஎம்மின் மேடையில், ஜிஎம்மின் மெக்சிகோ ஆலையில் செய்து வாங்கிக்கொண்டது. இதையெல்லாம் எந்த தேசிய குணத்தில் அடைப்பது?

பிக்கப் வண்டிகளையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக 1964இல் அமெரிக்கா போட்ட 25 சதவீத வரி இறக்குமதி லாரிகள் மேல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கோழிச்சண்டையில் மாட்டிய சுபாரு, தன் ப்ராட் வண்டியின் பின்தட்டில் இரண்டு பிளாஸ்டிக் இருக்கை பொருத்தி, இது லாரி இல்லை, கார் என்று விற்றது. டெட்ராய்டுக்கு இன்றுவரை சோறு போடும் பெரிய பிக்கப், அந்தக் கோழியின் இறக்கைக்குள் வளர்ந்த குஞ்சு.

2025 ஏப்ரலில் டிரம்ப் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டார். ஜூலையில் ஜப்பானோடு ஒப்பந்தம், மொத்த வரி 15 ஆகக் குறைந்தது. உடனே டெட்ராய்ட் கம்பெனிகள் கூச்சலிட்டன. தாங்கள் கனடாவிலும் மெக்சிகோவிலும் செய்து கொண்டுவரும் வண்டிக்கு, அமெரிக்கப் பாகங்களின் மதிப்பைக் கழித்தாலும் மீதிக்கு 25 கட்ட வேண்டும், ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் வண்டிக்கு 15தானா என்று. இதற்குள் பழைய மட்டை கைமாறிவிட்டது. சீன மின்கார்களுக்கு 2024இலேயே பைடன் 100 சதவீத வரி போட்டாயிற்று. என் வாட்ஸப்பிலும் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. சீனத் தொழிலாளி காலை ஒன்பது மணிக்கு வந்து ராத்திரி ஒன்பது மணி வரை, வாரத்துக்கு ஆறு நாள், முகம் சுளிக்காமல் வேலை செய்கிறானாம்.