இலவச லண்டன் என்னும் பொய்க்கணக்கு

லண்டனுக்குச் செல்லும் தமிழர்களுக்கென எழுதப்படும் பயணக் குறிப்புகளில் ஒரு பட்டியல் தவறாமல் இடம்பெறுகிறது: காசில்லாமல் காணத்தக்கவை. பக்கிங்ஹாம் அரண்மனையின் காவலர் மாற்றம், ஹைட் பார்க்கின் பேச்சாளர் முனை, டிரஃபால்கர் சதுக்கம், பிறகு போகிற போக்கில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். மிச்சமாகும் பவுண்டை ரூபாயில் பெருக்கிக் காட்டி மகிழ்வதோடு குறிப்பு முடிந்துவிடும். காவலர் மாற்றத்தையும் அருங்காட்சியகத்தையும் ஒரே தட்டில் வைக்கும் இந்தச் சிக்கனப் புத்தியோடுதான் நமக்கு வழக்கு.

முதலில் இலவசம் என்ற சொல்லையே விசாரிக்க வேண்டியிருக்கிறது. கொடுப்பவன் உடைமையாளன், பெறுபவன் இரவலன் என்ற உறவு அச்சொல்லுக்குள் குடியிருக்கிறது. (தமிழக அரசு தன் திட்டங்களுக்கு 'விலையில்லா' என்ற அடைமொழியைத் தேடிக்கொண்டதும் இந்தக் கூச்சத்தால்தான் போலும்.) பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வரலாற்றில் இப்படியொரு கொடையாளியைத் தேடினால் அகப்படமாட்டார். ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவரின் சேகரத்தை 1753-இல் அவருடைய வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு தந்து அரசு வாங்கியது. அதற்கான பணம் பொதுமக்களிடம் லாட்டரிச் சீட்டு விற்றுத் திரட்டப்பட்டது. ஸ்லோனின் செல்வத்திலோ, ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையும் கலந்திருந்தது. 1759-இல் கதவு திறந்தபோது கட்டணம் இல்லைதான். ஆனால் எழுத்தில் விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற்றவரே உள்ளே போகலாம் என்று விதி இருந்தது. காசு கேட்காமலேயே ஆளை வடிகட்டும் வித்தை அன்றே அவர்களுக்குக் கைவந்திருக்கிறது.

கட்டணமின்மை இயற்கையாக அமைந்துவிட்ட ஒன்றுமல்ல. 1974-இல் சுமார் மூன்று மாதங்கள் இங்கே நுழைவுக் கட்டணம் வசூலித்துப் பார்த்தார்கள். வேறு சில தேசிய அருங்காட்சியகங்கள் பல ஆண்டுகள் வசூலித்தன. 2001 டிசம்பரில் அரசு நிதி கொடுத்து அவற்றையும் கட்டணமற்றவையாக்கியது. அந்த இடங்களில் வருவோர் தொகை சட்டென்று பெருகியது. வாசலில் பணம் கேட்டால் யார் திரும்பிப் போகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது வேறொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. உள்நாட்டவருக்குக் கட்டணம் வேண்டாம், வெளிநாட்டவரிடம் வசூலிக்கலாம் என்கிறார்கள். வரி செலுத்துபவர் அவர். வந்து பார்ப்பவர் இவர். நியாயம்தானே என்று நம்மிலும் சிலர் தலையாட்டுகிறார்கள். நாம் இதை முற்றாக மறுக்கிறோம்.

அமராவதியை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணை நதிக்கரையின் அந்தப் பௌத்த ஸ்தூபியை 1845-இல் வால்டர் எலியட் அகழ்ந்தார். தோண்டிய சுண்ணாம்புக்கல் பலகைகள் சென்னைக்கு வந்து திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் ஒரு பகுதி கப்பலேறியது. லண்டனிலும் உடனே மரியாதை கிடைத்துவிடவில்லை. ஒரு வண்டிக் கொட்டகையில் சில காலம் கிடந்து, 1880-இல்தான் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன. இன்று ஏறத்தாழ 120 சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் திப்புவின் மரப்புலியின் கதை இன்னும் எளிது: 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளைப் பொருளாகப் போனது. குண்டூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் ஒருவர் இவற்றைக் காண வந்தால் எதற்காகக் கட்டணம்? பொருள்களைத் திருப்பிக் கேட்டால், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக் கையை விரிக்கிறது. உலகத்துக்காகப் பாதுகாக்கிறோம் என்பது அதன் நெடுநாள் வாதம். அந்த உலகம் வாசலில் வந்து நிற்கும்போது சில்லறை கேட்பது எவ்வகை அறம்?

மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று வாங்குகிறோமே என நண்பர்கள் மடக்கக்கூடும். அந்த 600 ரூபாயை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பஞ்ச ரதங்களை நாம் இங்கிலாந்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வரவில்லை.

தவிர, நம்மவர் ஏற்கெனவே கட்டியாயிற்று. ஆறு மாத விசாவுக்கே நூறு பவுண்டுக்கு மேல். கொடுக்காமல் மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. 1759-இன் விண்ணப்பச் சீட்டு ஒழிந்துவிட்டதாக நினைத்திருந்தோம். அது கடல்தாண்டி வந்து விசா மையத்தின் வரிசையில் நிற்கிறது. பட்டியல் போடுபவர்கள் இந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்துவிட்டு, பிறகு 'இலவசம்' என்று எழுதட்டும்.

போகிறவர்கள் காவலர் மாற்றத்தைத் தவறவிட்டாலும் குற்றமில்லை. புறப்படுமுன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிப் பலகைகளைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். ப்ளூம்ஸ்பரியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவை அதே ஸ்தூபியின் மற்றப் பகுதிகள்.