‘எங்கே நிறுத்தினாலும் ஆடுவார்’... பாராட்டா, பின்னடைவா? பென் ஸோப்ரிஸ்ட் கதை சொல்வது என்ன?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் அணிகளின் பட்டியலைப் பார்த்தால், சில வீரர்களின் பெயருக்கு நேரே ‘ஷார்ட்ஸ்டாப்’, ‘தேர்ட் பேஸ்’ என்று குறிப்பாக எதுவும் இருக்காது. பொத்தாம்பொதுவாக ‘இன்ஃபீல்டர்’ அல்லது ‘யூடிலிட்டி’ என்று போட்டிருக்கும். எங்கே நிறுத்தினாலும் ஆடுவார் என்று அர்த்தம். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால், ‘சொந்த இடம் எதுவும் இல்லாதவர்’ என்றும் அதைப் படிக்கலாம். பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். அது எவ்வளவு தவறு என்பதற்கு பென் ஸோப்ரிஸ்ட் ஒருவரே போதும்.

இன்ஃபீல்டில் இடம் மாறுவது அவ்வளவு கஷ்டமா?

பேஸ்பாலில் இன்ஃபீல்டில் நான்கு இடங்கள். தேர்ட் பேஸில் நிற்பவருக்குப் பந்து மிக வேகமாக வரும். யோசிக்க நேரமே கிடைக்காது. ஷார்ட்ஸ்டாப்புக்கு அதிகப் பரப்பை ஓடிக் காக்க வேண்டும், தூரத்திலிருந்து எறியும் கை பலமும் வேண்டும். செகண்ட் பேஸில் பந்தை வாங்கி, உடம்பைத் திருப்பி, ஓடி வருபவர் மேலே வந்து விழுவதற்குள் எறிய வேண்டும். ஃபர்ஸ்ட் பேஸில், மற்றவர்கள் எறியும் தாறுமாறான பந்துகளையும் காலை பேஸிலிருந்து எடுக்காமல் பிடிக்க வேண்டும். நான்கும் நான்கு தனி வேலைகள். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவரை அடுத்த நாள் டீப் மிட்விக்கெட்டில் நிறுத்தி, இரண்டிலும் அதே தரத்தை எதிர்பார்ப்பது மாதிரி.

50 டாலரில் தொடங்கிய பயணம்

ஸோப்ரிஸ்ட் 1981-ல் பிறந்தவர். இலினாய் மாநிலத்தில் யூரேகா என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். அப்பா பாஸ்டர். பள்ளிப் படிப்பு முடிந்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் அவரைத் தேடி வரவில்லை. தாத்தா பாட்டி பிறந்தநாளுக்குக் கொடுத்த பணத்திலிருந்து 50 டாலர் கட்டி ஒரு தேர்வு முகாமுக்குப் போனார். அங்கே பார்த்த பயிற்சியாளர் மூலம் ஒலிவெட் நசரீன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அது சிறிய கல்லூரிகள் ஆடும் என்.ஏ.ஐ.ஏ. அமைப்பைச் சேர்ந்தது. கடைசி ஆண்டு டல்லாஸ் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2004 டிராஃப்ட்டில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அவரை 6-வது சுற்றில் எடுத்தது.

2006-ல் டாம்பா பே அணிக்கு மாற்றப்பட்டு, ஷார்ட்ஸ்டாப்பாக மேஜர் லீக்கில் அறிமுகமானார். சோபிக்கவில்லை. முதல் ஆண்டு பேட்டிங் சராசரி .224, அடுத்த ஆண்டு .155. அணி நிர்வாகம் ஜேசன் பார்ட்லெட் என்ற வேறு ஷார்ட்ஸ்டாப்பைக் கொண்டுவந்தது. ஒரே இடத்தை நம்பியிருந்த வீரராக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

முடியவில்லை. காரணம், அவரால் வேறு இடங்களிலும் ஆட முடிந்தது. 2008-ல் கிடைத்த 62 ஆட்டங்களில் 12 ஹோம் ரன் அடித்தார். 2009-ல் பிட்சர், கேட்சர் தவிர மற்ற 7 இடங்களிலும் ஆடி, 27 ஹோம் ரன், .297 சராசரி!

எண்கள் ஒன்று சொன்னன, ஓட்டு வேறு சொன்னது

ஒரு சாதாரண மாற்று வீரருக்குப் பதிலாக இவர் ஆடியதால் அணிக்கு எத்தனை வெற்றிகள் கூடுதல்? பேட்டிங், ஃபீல்டிங், ஓட்டம் எல்லாவற்றையும் சேர்த்து இதைக் கணக்கிடும் அளவீட்டுக்கு ‘வார்’ என்று பெயர். பேஸ்பால் ரெஃபரன்ஸ் கணக்கின்படி, 2009-ல் அமெரிக்கன் லீகில் பிட்சர்கள் அல்லாதவர்களில் முதலிடம் ஸோப்ரிஸ்ட்டுக்குத்தான். ஆனால், மதிப்புமிக்க வீரருக்கான எம்.வி.பி. வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது 8-வது இடம்.

சம்பளத்திலும் இதே கதை. 2010-ல் டாம்பா பே அவரோடு போட்ட ஒப்பந்தம் 4 ஆண்டுகளுக்கு 1.8 கோடி டாலர். அனுபவம் குறைந்த வீரர்களுக்கு லீக் விதிகளின்படி சம்பளம் குறைவாகவே இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும், லீகின் உச்சத்தில் இருந்தவருக்கு இது கொள்ளை மலிவு. பெரிய தொகை, 4 ஆண்டுகளுக்கு 5.6 கோடி டாலர், சிகாகோ கப்ஸிடமிருந்து வந்தபோது அவருக்கு வயது 34.

அணிக்கு என்ன லாபம்?

கணக்கு ரொம்ப சிம்பிள். இன்று ஒரு மேஜர் லீக் அணியில் 26 பேர். அதில் 13 பேர் வரை பிட்சர்கள். மிச்சம் 13-ல் 9 பேர் களத்தில். வெளியே உட்காரும் 4 பேரில் ஒருவர் மாற்று கேட்சர். ஆக, 3 பேரை வைத்து 7 இடங்களுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். ஒருவருக்கு ஒரு இடம்தான் தெரியும் என்றால், ஒரு காயம் போதும், அணி தள்ளாடும்.

2015-ல் கன்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கு நடந்ததும் அதுதான். லெஃப்ட் ஃபீல்டர் அலெக்ஸ் கார்டன் காயமடைய, ஜூலையில் ஸோப்ரிஸ்ட்டை வாங்கினார்கள். முதலில் லெஃப்ட் ஃபீல்டில் ஆடினார். கார்டன் திரும்பியதும் செகண்ட் பேஸுக்கு மாறினார். ஒரே ஆளை வைத்து இரண்டு ஓட்டைகளை அடைத்த அணி, அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸையும் வென்றது.

அடுத்த ஆண்டு கப்ஸ். வேர்ல்டு சீரிஸ் 7-வது ஆட்டம், 10-வது இன்னிங்ஸ், ஸ்கோர் 6-6. கிளீவ்லேண்ட் அணி ஆண்டனி ரிஸ்ஸோவுக்கு வேண்டுமென்றே ‘வாக்’ கொடுத்தது. அடுத்து வரும் ஸோப்ரிஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. அவர் லெஃப்ட் ஃபீல்டு கோட்டை ஒட்டி ஒரு டபுள் அடித்து கப்ஸை முன்னிலைக்குக் கொண்டுபோனார். 8-7 வெற்றி. 1908-க்குப் பிறகு கப்ஸின் முதல் பட்டம். தொடரின் எம்.வி.பி. அவர்தான்.

மறுபக்கமும் இருக்கிறது

‘அவர் நல்லா அடிச்சார், அதனாலதான் ஜெயிச்சார்’ என்று சொல்லலாம். நியாயமான வாதம். பேட்டிங் இல்லாமல் பல இடங்களில் ஆடத் தெரிந்தால் மட்டும் யாரும் நட்சத்திரம் ஆக முடியாது. 20 வயதுப் பையனை வாரத்துக்கு ஓர் இடம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால், எதிலும் தேர்ச்சி வராமல் போகும் ஆபத்தும் உண்டு.

ஆனால், .155 அடித்த ஒருவருக்கு மீண்டும் களத்தில் இறங்க வழி கொடுத்தது எது? அந்தப் பன்முகத் திறமைதான். பேட்டிங் கைகூடும்வரை அவரைத் தாங்கிப் பிடித்தது அது.

2022-ல்தான் மேஜர் லீக் கோல்டு க்ளவ் விருதுகளில் ‘யூடிலிட்டி’ என்ற தனிப் பிரிவு வந்தது. ஸோப்ரிஸ்ட் கடைசியாக ஆடியது 2019-ல். அவருக்குக் கிடைக்காத அங்கீகாரம் அடுத்த தலைமுறைக்காவது கிடைக்கிறது. ஆனால் விருது மட்டும் போதாது. கல்லூரி மைதானத்தில் நான்கு இடங்களிலும் ஆடும் பையனைப் பார்க்கும் தேர்வாளர்கள், ‘இவனுக்கு எந்த இடம்?’ என்று கேட்பதை நிறுத்த வேண்டும். ‘இவன் இருந்தால் எத்தனை இடம் நிரம்பும்?’ என்பதுதான் சரியான கேள்வி. சம்பளமும் அந்தக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் பேசப்பட வேண்டும்.