டிஸ்சார்ஜுக்கு முன் பத்து நிமிடப் பேச்சு போதாது

தற்கொலைக்கு முயன்று அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை தொடங்கும்போதே விபத்துப் பதிவேட்டிலும் (ஏ.ஆர்.) பெயர் ஏறிவிடுகிறது. ‘ஏ.ஆர். போட்டாச்சா?’ என்ற கேள்வி வார்டு வரைக்கும் துரத்தும். காவல் துறைக்குத் தகவல் போகும். சில நாட்களில் ரத்தப் பரிசோதனை சீராக வந்ததும், ‘வீட்டுக்குப் போகலாம்’ என்பார்கள். அதற்கு முன் மனநலத் துறையின் கருத்து கேட்டு ஒரு சீட்டு போயிருக்கும். மருத்துவர் வருவார். ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் கணவர், அடுத்த கட்டிலில் காது கொடுத்துக் கேட்கும் இன்னொரு நோயாளி. ‘இனிமே இப்படியெல்லாம் செய்ய மாட்டேல்ல?’ என்று கேட்கப்படும். அந்தப் பெண் தலையாட்டுவார். மதிப்பீடு முடிந்தது.

அந்த மருத்துவரைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. வெளியே புறநோயாளிகள் வரிசை அவருக்காகக் காத்திருக்கிறது. ஆனால் கணவரை எதிரில் நிறுத்திக்கொண்டு கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். முயன்று பிழைத்தவர்கள் இதைவிடப் பல மடங்கு. ஒருமுறை முயன்றவருக்கு மறுபடியும் அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. ஆக, யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களே மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள்.

இதற்குச் சிலர் சொல்லும் தீர்வு, படிவம். பத்துப் பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கூட்டிப் பார்த்துக் குறைந்த ஆபத்து, நடுத்தரம், அதிகம் என்று முத்திரை. கோப்பில் வைக்க வசதி. நாளை வழக்கு வந்தால் காட்டவும் வசதி. நோயாளிக்குத்தான் பயனில்லை. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வு, யார் தற்கொலை செய்துகொள்வார் என்பதைக் கணிப்பதில் நம் திறமை நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட அதிகம் மேலானதல்ல என்று காட்டியது. பிரிட்டனில் மனநலச் சிகிச்சையில் இருந்தபடியே தற்கொலையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், கடைசியாகப் பார்த்தபோது ‘குறைந்த ஆபத்து’ என்று குறிக்கப்பட்டவர்கள். அந்நாட்டில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், மதிப்பெண் அளவுகோல்களைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள், அவற்றை வைத்து யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்யாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அவர்கள் கைவிடுவதை நாம் புதிதாக அச்சடிக்க வேண்டாம்.

படிவத்துக்குப் பதில் என்ன செய்வது என்பதற்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. விடை சென்னையிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினரிடம் வீடு திரும்பும் தறுவாயில் ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். பேசியவர்கள் எல்லோரும் மனநல நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற செவிலியராலும் இதைச் செய்ய முடியும். எனவே, ‘மனநல மருத்துவர் பற்றாக்குறை’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அந்த முடிவு வந்து இத்தனை ஆண்டுகளாகியும், அதே சென்னையில் இது அன்றாட நடைமுறையாகவில்லை.

சட்டமும் இதையே கேட்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ஆனாலும் ‘போலீஸ் கேஸ் ஆயிடும்’ என்று பயந்து, தவறி நடந்துவிட்டதாகச் சொல்லும் குடும்பங்கள் குறையவில்லை. ‘ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க’ என்று கையைக் கழுவும் தனியார் மருத்துவமனைகளும் குறையவில்லை.

கவனிப்பு அவசரப் பிரிவோடு நின்றுவிடவும் கூடாது. 2022-ன் தற்கொலைகளில் 18.4 விழுக்காட்டுக்கு நோய்தான் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. டயாலிசிஸ் வார்டிலும் புற்றுநோய்ப் பிரிவிலும் ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது’, ‘போய்ச் சேர்ந்துட்டா தேவலை’ என்ற பேச்சு தினமும் காதில் விழுகிறது. புலம்பல் என்று கடந்துவிடுகிறோம். அங்கேயே நின்று, ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதாய்யா?’ என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. கேட்டதும் பாரம் இறங்கியதுபோல் பேசத் தொடங்குபவர்களே அதிகம்.

அழைத்துப் பேசும் வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021-ல் நீட் எழுதிய மாணவர்களை 104 சேவை வழியாக ஒவ்வொருவராக அழைத்துப் பேசியது இதே தமிழக அரசுதான். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, தொலைபேசி மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்ற எவரையும் உறவினர் இல்லாத தனி அறையில் உட்கார வைத்துப் பேசாமல் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது என்று சுகாதாரத் துறை அரசாணை பிறப்பிக்க வேண்டும். எண்ணம் தலைதூக்கினால் யாரை அழைப்பது, வீட்டில் எதையெல்லாம் கைக்கு எட்டாமல் வைப்பது என்பதை அவரோடு சேர்ந்தே எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வாரத்திலேயே மருத்துவமனையிலிருந்து ஒரு அழைப்பு போக வேண்டும். அவர் சம்மதித்த எண்ணுக்கு, அவரிடமே. தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

மனம் தளரும் நேரத்தில் பேசுவதற்கு: டெலிமானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, சென்னை சினேகா 044-24640050.