சமபங்கின் சங்கடம்

1941-ம் வருஷத்து வில்லிஸ் ஜீப்பில், பழுதான முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றி எறிந்தாலும் பின்சக்கரங்கள் வண்டியை ஊர் சேர்த்துவிடும். 1980-ல் வெளிவந்த ஜெர்மானிய ஔடி குவாட்ரோவிலோ, திருப்பங்களில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதற்காக, நடுவே ஒரு டிபரென்ஷியல் உண்டு. அது மகா நியாயஸ்தன். இருபுறமும் சமமாகவே விசையைப் பங்கிடும். பின் ஷாஃப்டைக் கழற்றினால் அப்பக்கம் வெறுமே சுழலும். அது ஏற்கும் விசை பூஜ்யம். ஆகவே முன்பக்கத்துக்கும் பூஜ்யமே! எஞ்சின் இரையும், வண்டி நகராது. டிபரென்ஷியலைப் பூட்டினால்தான் முன்சக்கரங்கள் இழுக்கும்.

வீடு சேர்ந்தபின் பூட்டை விடுவித்து, “கியரில்தானே நிற்கிறது” என்று சரிவில் விட்டுப் போனால் வண்டி உருண்டுவிடும். கைப் பிரேக்கே கதி!

ஒருவன் சுமக்க மறுத்தால் மற்றவன் பலமும் வீண். குடும்பத்திலும் தேசத்திலும் இதைத்தானே காண்கிறோம்?